பழுதாவதற்கு ஒரு ஸ்விட்ச்

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2004 பதிப்பை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த ஜன்னல் ஞாபகம் இருக்கும். மெனுவில் 'ஃபெயிலியர்ஸ்' என்று ஒரு வரி. சொடுக்கினால் ஒரு பட்டியல் விரியும். வேகமானி, உயரமானி, ரேடியோ, எலெக்ட்ரிகல், எஞ்சின் ஒன்று, எஞ்சின் இரண்டு... ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். டிக் பண்ணி, "இத்தனாவது நிமிஷத்திலிருந்து இத்தனாவது நிமிஷத்துக்குள்" என்று எண்களையும் கொடுத்துவிட்டால் போதும். அந்த இடைவெளியில் எப்பவோ ஒரு தருணத்தில் எஞ்சின் டப்பென்று நின்றுவிடும். தன் தலையில் விழப்போகும் கல்லுக்குத் தானே முகூர்த்தம் குறித்துக்கொள்ளும் வசதி :-)

ஸ்கூல் படிக்கும்போது சித்தப்பா வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் இதையே பொழுதுபோக்காக வச்சிருந்தேன். ஆனால் உள்ளே ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருக்கும். எஞ்சின் நிற்பதற்கு ஒரு விநாடி முன்னால் வரை எல்லா முள்ளும் பச்சைக் கோட்டில் சமர்த்தாக நிற்கும். வெப்பம் சரி, ஆயில் சரி, ஒரு இருமல், ஒரு முனகல் கிடையாது. அடுத்த விநாடி, மரணம். வீட்டில் இருக்கிற கிரைண்டர்கூட அப்படிச் சாகாது. ஒரு வாரமாவது வித்தியாசமாகச் சத்தம் போட்டு, அம்மாவைத் திட்ட வைத்து, அப்புறம்தான் நிற்கும். பழைய காலத்து விமானங்கள் நிஜத்தில் எப்படிப் பழுதாயின, அதை எப்படிப் பொய்யாகச் செய்துகாட்டினார்கள் என்று நோண்ட ஆரம்பித்தது அப்படித்தான். நோண்டப் போனால் அந்த டிக் பாக்ஸுக்கு ஒரு கொள்ளுத் தாத்தா இருக்கிறார். வருஷம் 1948.

அதற்கு முன்னால் எட்வின் லிங்க்குக்கு இரண்டு வரி. சிமுலேட்டர் சரித்திரத்தை யார் எழுதினாலும் இவரைத்தான் பிள்ளையார் சுழியாகப் போடுவார்கள். நியூயார்க் மாநிலம் பிங்ஹாம்டனில் இவர் குடும்பம் பியானோவும் ஆர்கனும் செய்கிற தொழிற்சாலை நடத்தியது. ஆர்மோனியப் பெட்டியில் காற்றடிக்கிற துருத்தி இருக்கிறதல்லவா, அந்த மாதிரித் துருத்திகளை வைத்தே ஒரு குட்டி விமானப் பெட்டியைச் சாயவும் நிமிரவும் வைத்தார், 1920களின் கடைசியில். முதலில் அது விற்றது பொழுதுபோக்குப் பூங்காக்களில்தான். 1934இல் அமெரிக்க ராணுவம் தபால் விமானங்களை ஓட்டப் போய், மோசமான வானிலையில் சில வாரங்களுக்குள் பத்துப் பேருக்கு மேல் இறந்த பிறகுதான் ராணுவம் இவரிடம் வந்து ஆறு பெட்டிகள் வாங்கியது. செத்தபிறகு வாங்குவது என்பது இந்தக் கதை முழுக்க வரும், கவனித்துக்கொண்டே வாருங்கள்.

சரி, 1948. பான் அமெரிக்கன் விமான நிறுவனம் போயிங் 377 ஸ்ட்ராட்டோக்ரூஸரை வாங்கப்போகிறது. மாடிப்படி வைத்த விமானம்! கீழ்த்தளத்தில் மதுக்கூடம், அங்கே இறங்கச் சுழல் படிக்கட்டு. பணக்காரர்கள் சொகுசாக அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் தாண்டுவதற்குச் செய்த வண்டி. மொத்தமே 56தான் கட்டினார்கள். அந்த 56க்குள் இவ்வளவு தலைவலியா என்று பின்னால் ஆச்சரியப்படுவீர்கள்.

தலைவலியின் பெயர் ப்ராட் அண்ட் விட்னி ஆர்-4360. பிஸ்டன் எஞ்சின்களில் ராட்சசன். ஏழு ஏழு சிலிண்டராக நாலு வரிசை, மொத்தம் 28 சிலிண்டர். பார்க்க மக்காச்சோளக் கதிர் மாதிரி இருப்பதால் 'கார்ன்காப்' என்றே பட்டப்பெயர். 71 லிட்டர் கொள்ளளவு, 3500 குதிரைசக்தி. சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். ஒரு எஞ்சினுக்கு 56 பிளக். விமானத்துக்கு நாலு எஞ்சின். பெருக்கிக்கொள்ளுங்கள், 224 ஸ்பார்க் பிளக். உங்கள் பைக்கில் ஒரே ஒரு பிளக்கில் கரி பிடித்தாலே என்ன பாடு படுகிறோம்?

கரி என்றேன், இங்கே ஈயமும் சேர்த்தி. அந்தக் காலத்துப் பெட்ரோலில் எஞ்சின் நாக் அடிக்காமல் இருக்க ஈயம் கலந்திருக்கும். ஓடுதளத்தில் முறை வரும்வரை எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நின்றால், அறை சூடாகாமல் ஈயமும் எண்ணெயும் பிளக்கில் படிந்துவிடும். ராத்திரி நிறுத்திவைத்தால் அடிச் சிலிண்டர்களில் ஆயில் இறங்கித் தேங்கும். அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட் பண்ணினால், திரவத்தை அமுக்க முடியாமல் உள்ளே ராடு வளைந்துவிடும். அதனால் முதலில் ப்ரொப்பெல்லரைச் சும்மா சுற்றவிட்டு, இறக்கைகளை ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி, அப்புறம்தான் பொறி கொடுப்பார்கள். பறக்கும்போது பின்வரிசைச் சிலிண்டர்களுக்குப் போதுமான காற்று வராமல் சூடேறும்.

இதையெல்லாம் மேய்க்க காக்பிட்டில் தனியாக ஒரு ஆள், ஃப்ளைட் இஞ்சினியர். அவர் மேஜையில் ஒரு சின்ன ஆஸிலாஸ்கோப் இருக்கும். எஞ்சின் அனலைசர் என்று பேர். எந்த எஞ்சினில், எந்தச் சிலிண்டரில், எந்தப் பிளக் சரியாகப் பொறி விடவில்லை என்பதைப் பறந்துகொண்டிருக்கும்போதே அலைவடிவத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். நாமெல்லாம் ஏசி ரூமில் உட்கார்ந்து செய்கிற டீபக்கிங்கை அவர் கடலுக்கு மேலே இருபதாயிரம் அடியில் செய்தார்.

இப்படிப்பட்ட வண்டியை ஓட்ட ஆட்களைப் பழக்க வேண்டும். கர்டிஸ்-ரைட் நிறுவனம், ரிச்சர்ட் டெமல் என்பவரின் வடிவமைப்பை வைத்து பான் ஆமுக்கு ஒரு சிமுலேட்டர் செய்துகொடுத்தது. ஒரு விமான நிறுவனம் சொந்தமாக வைத்திருந்த முதல் முழு சிமுலேட்டர் இதுதான். ஆடாது, அசையாது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் காக்பிட்டின் உள்ளே அச்சு அசல் ஸ்ட்ராட்டோக்ரூஸர். டிஜிட்டல் கம்ப்யூட்டரே தவழ்ந்துகொண்டிருந்த காலம். ஆகவே கணக்கெல்லாம் மின்னழுத்தங்களாகவும் சர்வோ மோட்டார்களாகவும் நடந்தது. ஒரு இஃப்-எல்ஸ் கூட எழுதாமல் விமானத்தையே செய்துவிட்டார்கள் பாவிகள்.

அங்கேதான் நம்ம கதாநாயகன் வருகிறார். பயிற்சியாளருக்கு முன்னால் ஒரு பலகை. அதில் பழுதுகள். அவர் நினைத்த நேரத்தில் ஒரு பழுதை உள்ளே நுழைப்பார். உள்ளே இருக்கிற விமானிகளும் இஞ்சினியரும் வியர்க்க விறுவிறுக்க அதைச் சமாளிக்க வேண்டும். ஆளாளுக்குத் தனியாகப் பழகுவதைவிட, குழு மொத்தமும் சேர்ந்து ஒரு நெருக்கடியைப் பழகுவதற்கு இது ரொம்பப் பிரயோஜனமாக இருந்தது. 1950களின் தொடக்கத்தில் பிரிட்டனின் பிஓஏசியும் இதே விமானத்துக்கு ரெடிஃபான் நிறுவனத்திடம் ஒரு சிமுலேட்டர் செய்துகொண்டது. அந்தப் பலகைதான் அரை நூற்றாண்டு கழித்து நம் சித்தப்பா வீட்டு மானிட்டரில் டிக் பாக்ஸாக வந்து உட்கார்ந்தது.

நல்ல யோசனைதான், சந்தேகமில்லை. ஆனால் பலகையில் இருப்பது ஸ்விட்ச். ஸ்விட்ச் ஒவ்வொன்றும் தனி. நிஜத்தில் அந்த விமானம் பழுதான விதத்தைப் பாருங்கள்.

1956 அக்டோபர் 16. பான் ஆம் ஃப்ளைட் 6, ஹோனலூலுவிலிருந்து சான்ஃப்ரான்சிஸ்கோவுக்கு. 24 பயணிகள், 7 பணியாளர்கள். கேப்டன் ரிச்சர்ட் ஓக். நடுராத்திரி, நடுக்கடல். மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது முதல் எஞ்சினின் ப்ரொப்பெல்லர் கட்டுப்பாட்டை இழந்து தறிகெட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ப்ரொப்பெல்லரின் இறக்கைகள் காற்றை எந்தக் கோணத்தில் வெட்ட வேண்டும் என்பதை ஆயில் அழுத்தத்தை வைத்து ஒரு கவர்னர் பார்த்துக்கொள்ளும். எஞ்சின் கெட்டால் இறக்கைகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டி நிறுத்திவிடலாம். அதற்கு ஃபெதர் செய்வது என்று பெயர். ஓடுகிற பஸ் ஜன்னலுக்கு வெளியே முறத்தை நீட்டிப் பாருங்கள் (கண்டக்டர் பார்க்காதபோது). விளிம்பைக் காட்டினால் பேசாமல் போகும், முகத்தைக் காட்டினால் கையோடு பிடுங்கிக்கொண்டு போகும். ஓக்கின் முதல் ப்ரொப்பெல்லர் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. ஃபெதர் ஆகவே இல்லை. இறக்கை பிய்த்துக்கொண்டு போகும் வேகத்தில் சுற்றியது.

ஓக் என்ன செய்தார்? வேகத்தைக் குறைத்தார். அடங்கவில்லை. அந்த எஞ்சினுக்கு ஆயிலை நிறுத்தி, எஞ்சினையே இறுகிப்போகச் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தார். வேண்டுமென்றே ஒரு எஞ்சினைக் கொல்வது! எஞ்சின் இறுகியது. ஆனால் ப்ரொப்பெல்லர் அதனிடமிருந்து அறுந்துகொண்டு தனியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. முறம் இன்னும் ஜன்னலுக்கு வெளியே. இழுவையால் வேகம் விழுந்தது. மிச்ச எஞ்சின்கள் கூடுதலாக உழைக்க வேண்டிவந்தது, பெட்ரோல் கணக்கு தப்பியது. முன்னால் கரையும் எட்டாது, பின்னால் கரையும் எட்டாது. பிறகு நாலாவது எஞ்சினும் சக்தி இழந்து நின்றது.

அந்தக் காலத்தில் பசிபிக் நடுவே 'நவம்பர்' என்கிற நிலையத்தில் அமெரிக்கக் கடலோரக் காவல்படைக் கப்பல் ஒன்று எப்போதும் நிற்கும். அன்று நின்றது பான்சட்ரெய்ன். இரண்டு எஞ்சினில் அந்தக் கப்பலைச் சுற்றிச் சுற்றி விடியும்வரை வட்டமடித்தார் ஓக். அதற்கு முந்தைய வருஷம் ஆரிகன் கரைக்கு அப்பால் இன்னொரு ஸ்ட்ராட்டோக்ரூஸர் கடலில் இறங்கியபோது வால் பகுதி முறிந்திருந்தது. அது தெரிந்ததால் பின்னால் இருந்தவர்களை முன்னால் நகர்த்தினார்கள். வெளிச்சம் வந்ததும் கப்பல் நுரைக் கோடு போட்டுக் காட்ட, கடலில் இறக்கினார். வால் முறிந்தது, எதிர்பார்த்தபடியே. சுமார் இருபது நிமிஷத்தில் விமானம் மூழ்கியது. 31 பேரும் பிழைத்தார்கள்.

இதில் எத்தனை ஸ்விட்ச்? கவர்னர் கெட்டது ஒன்று. மற்றதெல்லாம் அதிலிருந்து கிளை விட்டது. ஒன்றைச் சமாளிக்க அவர் எடுத்த முடிவே அடுத்ததன் காரணம். பழைய விமானத்தின் பழுது இப்படித்தான், ஒரு சங்கிலி. அதில் சில கண்ணிகளைக் கோர்ப்பவர் விமானியே.

என்னைக் கேட்டால் இதைவிட முக்கியமான விபத்து அதே வருஷம் ஏப்ரல் 2ஆம் தேதி சியாட்டிலில் நடந்தது. இதில் ஒன்றுமே பழுதாகவில்லை என்பதுதான் விசேஷம்.

நார்த்வெஸ்ட் ஓரியண்ட் நிறுவனத்தின் ஃப்ளைட் 2, அதே ரக ஸ்ட்ராட்டோக்ரூஸர், 38 பேர். எஞ்சினைச் சுற்றியுள்ள கூட்டின் பின்பக்கம் திறந்து மூடும் மடல்கள் இருக்கும். கவுல் ஃப்ளாப் என்பார்கள். தரையில் காற்றோட்டத்துக்காக அதைத் திறந்துவைக்க வேண்டும், புறப்படும்போது மூட வேண்டும். ஃப்ளைட் இஞ்சினியர் மூட மறந்துவிட்டார். விமானம் கிளம்பிவிட்டது. மேலே போய் இறக்கையின் ஃப்ளாப்பை உள்ளே இழுத்ததும் விமானம் பேய் பிடித்த மாதிரி உலுக்க ஆரம்பித்தது.

கேப்டன் என்ன நினைப்பார்? ஃப்ளாப்பை இழுத்தோம், உலுக்குகிறது. அப்படியானால் ஒரு பக்கத்து ஃப்ளாப் உள்ளே போய் இன்னொரு பக்கத்தது வெளியே நிற்கிறது. நியாயமான ஊகம்தானே? நானும் நீங்களும் அதையேதான் யோசிப்போம். கடைசியாக எந்தக் கோடை மாற்றினோமோ அங்கேதான் பக் இருக்கும் என்று நாம் தேடுவதில்லையா? ஆனால் பக் அதற்கு முன்னாலேயே இருந்தது. ஃப்ளாப் வெளியே இருந்தவரை மூடி மறைத்திருந்தது, உள்ளே போனதும் வெளியே தெரிந்தது. திரும்பி வர முடியாது என்று முடிவுசெய்து ப்யூஜெட் சவுண்ட் கடற்கழியில் இறக்கினார்கள். இறக்கியது நன்றாகவே இறங்கியது. ஆனால் ஏப்ரல் மாத சியாட்டில் தண்ணீர் குளிர். ஐந்து பேர் போய்விட்டார்கள்.

விசாரணையில் கண்டது, இஞ்சினியர் கவுல் ஃப்ளாப்பை மூடாததால் வந்த உலுக்கலைத் தவறாகப் புரிந்துகொண்டதே காரணம் என்று. ஒரு லீவரைத் தள்ளியிருந்தால் விமானம் சாதுவாகப் பறந்திருக்கும். இப்போது அந்த ஃபெயிலியர்ஸ் மெனுவுக்கு வாருங்கள். இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் பண்ணுவீர்கள்? 'மறதி, எட்டாவது நிமிஷத்துக்குள்' என்று போட முடியுமா?

"சரிப்பா, சிமுலேட்டர் சரியில்லை என்றால் நிஜ விமானத்திலேயே பழக வேண்டியதுதானே" என்று கேட்கலாம். அதைத்தான் செய்தார்கள். அது வேறு கதை, சோகக் கதை.

ஜெட் விமானங்கள் வந்த புதிது. எஞ்சின் நின்றால் எப்படி ஓட்டுவது என்று பழக, நிஜ விமானத்தை மேலே கொண்டுபோய், நிஜ எஞ்சினின் சக்தியைக் குறைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். 1959 ஆகஸ்ட் 15இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் காலவர்ட்டன் அருகே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போயிங் 707 ஒன்று அப்படிப் பழகும்போது விழுந்து ஐந்து பேரும் இறந்தார்கள். ஒரு பக்கத்து இரண்டு எஞ்சின்களையும் குறைத்து இறங்கப் பார்த்திருக்கிறார்கள். விமானம் பக்கவாட்டில் திரும்பி, உருண்டு, போய்விட்டது. 1960 மே மாதம் அட்லாண்டாவில் டெல்டாவின் கான்வேர் 880, பயிற்சியில் நாலு பேர். இதெல்லாம் வரிசையாக நடந்துகொண்டே இருந்தது.

1967 மார்ச் 30. நியூ ஆர்லியன்ஸ். நள்ளிரவு தாண்டிய நேரம். டெல்டாவின் டிசி-8 ஒன்று பயிற்சிக்குக் கிளம்பியது. இரண்டு எஞ்சின் செத்ததாகப் பாவனை செய்து இறங்க வேண்டும். பாவனைதான், நாலு எஞ்சினும் நன்றாக இருந்தன. விமானத்தைப் பிடித்து நிறுத்த முடியாமல் ஓடுதளத்துக்கு முன்னாலேயே விழுந்தது. வீடுகள் மேலே, பக்கத்தில் இருந்த ஹோட்டல் மேலே. விமானத்தில் இருந்த ஆறு பேரும், தரையில் பதின்மூன்று பேரும். அந்தப் பதின்மூன்றில் ஒன்பது பேர் விஸ்கான்சின் மாநிலத்தின் ஒரு சின்ன ஊரிலிருந்து சுற்றுலா வந்து ஹோட்டலில் தூங்கிக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பெண்கள்.

இதைப் படித்த அன்றைக்கு சிமுலேட்டரைத் திறக்கவில்லை. நாம் டிக் பண்ணி விளையாடுகிற ஒரு கட்டம், நிஜமாகவே ஒரு காலத்தில் நிஜ விமானத்தில் டிக் பண்ணப்பட்டது. பொய்ப் பழுதுக்குப் பலியான நிஜ உயிர்கள். சிமுலேட்டருக்கு இவ்வளவு காசு ஏன் செலவழித்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அறுபதுகள், எழுபதுகளில் ஆடும் மேடை வந்தது, ஜன்னலில் காட்சி வந்தது, டிஜிட்டல் கம்ப்யூட்டர் வந்தது. 1980இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு திட்டம் போட்டு, தரமான சிமுலேட்டர் என்றால் பயிற்சியைப் படிப்படியாக முழுக்கவே அதற்குள் நடத்தலாம் என்று வழிசெய்தது. விவரமெல்லாம் சட்டப் புத்தக வாசனை அடிக்கும், விட்டுவிடுகிறேன்.

நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். ப்ரூஸ் ஆர்ட்விக் எழுதிய நிரலை மைக்ரோசாஃப்ட் தன் பெயரில் 1982இல் வெளியிட்டது. அதிலிருந்து 2004 பதிப்பு வரை, பழுது என்றால் பெரும்பாலும் பட்டியல் அல்லது தாயக்கட்டை. ஒவ்வொரு கணமும் ஒரு தாயத்தை உருட்டு, குறிப்பிட்ட எண் விழுந்தால் எஞ்சினை நிறுத்து. நிரல் எழுத இரண்டு வரி போதும். ஆனால் தாயக்கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாதே! போன ஆட்டத்தில் என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் எஞ்சினைப் பூப்போல ஓட்டினாலும் சரி, சிவப்புக் கோட்டுக்கு மேலே அரைமணி நேரம் முறுக்கினாலும் சரி, ஒரே வாய்ப்புதான்.

ஜெட் விமானத்துக்கு இது ஓரளவு பொருந்தும். ஜெட் எஞ்சின் வந்ததும் நம்பகத்தன்மை எங்கேயோ போய்விட்டது, பெரும்பாலான விமானிகள் ஆயுளில் ஒருதரம்கூட நிஜ எஞ்சின் சாவைப் பார்ப்பதில்லை. ஆனால் ஆர்-4360க்கு ஞாபகம் உண்டு. வன்மமும் உண்டு என்பேன். நேற்று நீங்கள் கொடுத்த சூட்டை இன்றைக்கு வைத்துக் கேட்கும்.

இந்த ஞாபகத்தை முதலில் ஒழுங்காக எழுதியவர்கள் என்று நான் நினைப்பது ஏ2ஏ சிமுலேஷன்ஸ் என்கிற சின்ன நிறுவனத்தை. எடுத்த விமானம் எது என்கிறீர்கள்? அதே போயிங் 377! 2000களின் கடைசியில், ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸுக்கு 'அக்யூசிம்' என்று ஒரு சேர்ப்பு. இங்கே முகூர்த்தம் குறிக்க வேண்டிய அவசியமே இல்லை. சிலிண்டர் வெப்பம், ஆயில் வெப்பம், உள்ளிழுக்கும் அழுத்தம், கவுல் ஃப்ளாப் எவ்வளவு திறந்திருக்கிறது எல்லாவற்றையும் நிரல் கணக்கு வைத்துக்கொள்கிறது. விமானத்தை நிறுத்தி, கம்ப்யூட்டரை அணைத்து, பரீட்சை எழுதிவிட்டு மூன்று வாரம் கழித்து வந்தாலும் அந்தத் தேய்மானம் அப்படியே இருக்கும். பழுது மெனுவிலிருந்து வருவதில்லை, உங்கள் கையிலிருந்து வருகிறது.

நிரல் எழுதுபவனாகப் பார்த்தால் வித்தியாசம் எளிமையானது. முன்னது ஈவென்ட், பின்னது ஸ்டேட். ஆனால் ஓட்டுபவனுக்கு அது தலைகீழ் மாற்றம். முள் பச்சைக்கோட்டின் விளிம்பில் நடுங்குவதைப் பார்த்தாலே கை தானாகத் த்ராட்டிலைக் குறைக்கும். சத்தத்தில் ஒரு சின்னப் பிசிறு கேட்டால் பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டுவோம். நாற்பதுகளின் இஞ்சினியர் ஏன் அந்த ஆஸிலாஸ்கோப்பை வெறித்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரியும். பிற்பாடு பிஎம்டிஜியின் டிசி-6 அதே வழியில் வந்தது. எஞ்சின் 18 சிலிண்டர்தான், இதோடு ஒப்பிட்டால் பச்சைப்பிள்ளை. வேலை சுத்தம், ஆனால் என் ஓட்டு இன்னும் மக்காச்சோளத்துக்குத்தான்.

ஆனால் ஒன்று. எவ்வளவு ஸ்டேட் வைத்தாலும், நிரல் எழுதினவன் யோசித்த பழுதுதான் வரும். யோசிக்காதது வராது. டெஸ்ட் கேஸ் எழுதுகிற யாருக்கும் இந்த வயிற்றெரிச்சல் தெரியும். விமான உலகத்தில் இது முகத்தில் அறைந்த நாள் 1989 ஜூலை 19.

யுனைட்டட் ஃப்ளைட் 232, டென்வரிலிருந்து சிகாகோவுக்கு, டிசி-10. வாலில் இருக்கும் இரண்டாவது எஞ்சினின் விசிறித் தட்டு வெடித்தது. டிசி-10க்கு ஹைட்ராலிக் அமைப்பு மூன்று, ஒன்று போனால் இன்னொன்று என்று. வெடித்த துண்டுகள் மூன்றையும் வெட்டின. இறக்கை, வால் எதுவும் விமானியின் கைக்குக் கட்டுப்படாது. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் குழு தரையில் இருந்த பராமரிப்பு நிபுணர்களைக் கேட்டது. அவர்களிடம் இதற்குக் கையேடே இல்லை. மூன்றும் ஒரே சமயத்தில் போகாது என்று கணக்குப் போட்டிருந்தார்கள், போகாத ஒன்றுக்கு எதற்குக் கையேடு? பயிற்சி சிமுலேட்டரிலும் இப்படி ஒரு பாடம் கிடையாது.

ஆனால் பயணிகளில் ஒருவர் டென்னி ஃபிட்ச். அதே நிறுவனத்தின் டிசி-10 பயிற்சியாளர். 1985இல் ஜப்பானில் 747 ஒன்று ஹைட்ராலிக் முழுவதையும் இழந்து 520 பேர் இறந்தார்களே, அந்த விபத்தைப் படித்துவிட்டு, எஞ்சின் சக்தியை மட்டும் வைத்து விமானத்தைத் திருப்ப முடியுமா என்று சிமுலேட்டரில் முயன்று பார்த்தவர். யாரும் சொல்லிச் செய்ததல்ல, தானாக. ஏறக்குறைய நம்மைப் போல ஒரு வேலை வெட்டி இல்லாத ஆர்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் காக்பிட்டுக்குப் போய் மண்டியிட்டு இரண்டு த்ராட்டிலையும் கையில் எடுத்தார். சியூ சிட்டி ஓடுதளம் வரை கொண்டுவந்துவிட்டார்கள். தரையில் மோதி, உடைந்து, எரிந்தது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

விசாரணையின்போது அதே நிலையை சிமுலேட்டரில் வைத்து விமானிகளை ஓட்டச் சொன்னார்கள். பத்திரமாக இறக்குவது நடக்கிற காரியமில்லை, இதைப் பாடமாகச் சொல்லித்தரவும் முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவோடு கதை முடியவில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. நாசாவில் பில் பர்ச்சம் என்ற பொறியாளரின் குழு, மனிதனால் முடியாத அந்த நுணுக்கமான த்ராட்டில் வேலையை ஒரு மென்பொருளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 1995 ஆகஸ்ட் 29இல், டிசி-10இன் வாரிசான எம்டி-11, எஞ்சின் சக்தியால் மட்டுமே கட்டுப்படுத்தப்பட்டு எட்வர்ட்ஸ் தளத்தில் ஒழுங்காக இறங்கியது. ஓட்டியவர் கோர்டன் ஃபுல்லர்ட்டன், முன்னாள் விண்வெளி வீரர். பயணிகள் விமானங்களில் அதை யாரும் பொருத்தவில்லை. காசு, வேறென்ன.

2003 நவம்பர் 22இல் பாக்தாத்தில் ஏவுகணை பட்டு ஹைட்ராலிக் அத்தனையும் இழந்த டிஹெச்எல் சரக்கு விமானம், ஒரு பழைய ஏ300, மென்பொருள் உதவி எதுவும் இல்லாமல் வெறும் த்ராட்டிலில் திரும்பி வந்து இறங்கியது. மூன்று பேரும் தப்பினார்கள்.

கொசுறு: நல்ல டிசி-10 சிமுலேஷன் கையில் இருப்பவர்கள் இதை முயன்று பார்க்கலாம். மூன்று ஹைட்ராலிக்கையும் எடுத்துவிட்டால் மூக்கு ஊஞ்சல் மாதிரி மெதுவாக ஏறி இறங்க ஆரம்பிக்கும். அதை அடக்க, புத்தி சொல்வதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும் என்று ஹெய்ன்ஸ் பின்னாளில் தன் உரைகளில் விளக்கியிருக்கிறார். மூக்கு கவிழ்ந்து வேகம் கூடும்போது பவரை ஏற்றுங்கள், மூக்கு நிமிர்ந்து வேகம் குறையும்போது பவரை இறக்குங்கள். தரைக்கு முன்னூறு அடியில் மூக்கு கவிழ்ந்து நிற்கும்போது பவரை ஏற்ற மனசு வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.